33ஆவது பெயர்: ஜேலன் பிரன்சன் எவ்வளவு தூரம் போவார் என்ற ஏழாண்டு வாதம்

2018 ஜூன் 21, புரூக்ளினில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்ட் இரவு, அணிகள் புதிய வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் இரவு. முதல் சுற்றில் 30 பெயர்கள் முடிந்து இரண்டாம் சுற்று தொடங்குகிறது. 31ஆவதாக ஃபீனிக்ஸ், பிரெஞ்சு வீரர் எலி ஒகோபோவை எடுக்கிறது. 32ஆவதாக மெம்ஃபிஸ், ஜெவோன் கார்ட்டரை. 33ஆவதாக டல்லாஸ், ஜேலன் பிரன்சனை. வரிசையாக மூன்று பாயின்ட் கார்டுகள், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள். முதல் இருவரும் பெஞ்ச் வீரர்கள் என்ற அளவைத் தாண்டவில்லை. மூன்றாமவர் நியூயார்க் நிக்ஸின் கேப்டன் ஆனார்.

பிரன்சன் ஒன்றும் யாருக்கும் தெரியாத மூலையிலிருந்து வந்தவர் இல்லை. அந்த ஆண்டு கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீரருக்கான நெய்ஸ்மித், வுடன் விருதுகள் இரண்டும் அவருக்குத்தான். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஆடிய மூன்று ஆண்டில் இரண்டு தேசியப் பட்டம், 2016லும் 2018லும். அப்பா ரிக் பிரன்சன் என்.பி.ஏ.வில் ஒன்பது பருவம் ஆடியவர். பையன் லாக்கர் அறைகளில் வளர்ந்தவன். அப்படியும் அந்த இரவில் வில்லனோவாவிலிருந்து அவருக்கு முன்பே மூன்று பேர் போய்விட்டார்கள்: மிக்கல் பிரிட்ஜஸ் 10ஆவதாக, டான்டே டிவின்சென்சோ 17ஆவதாக, ஒமாரி ஸ்பெல்மன் 30ஆவதாக. அணியைத் தூக்கிச் சுமந்தவர் அதே அணியிலிருந்து நான்காவதாகப் போனார். எல்லாரும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

இந்த ஆய்வு அங்கே தொடங்கி 2025 கோடை வரை போகிறது. இடையில் "இவர் இவ்வளவுதான்" என்ற தீர்ப்பு அவர் மேல் நான்கு முறை எழுதப்பட்டது. மூன்று முறை அது பொய்த்தது. நான்காவது முறை எழுதப்பட்டதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு.

முதல் தீர்ப்பு: உடம்பு

டிராஃப்டுக்கு முன் அவரைப் பற்றி ஓடிய பேச்சைச் சுருக்கினால் இதுதான்: உயரம் 6 அடி 2 அங்குலம், துள்ளல் கிடையாது, முதல் அடியில் வேகம் கிடையாது, பெரிய ஆட்களைத் தடுக்க முடியாது, வயது 22ஐ நெருங்குகிறது. இன்றைக்கே நன்றாக ஆடுவார், ஆனால் இதற்கு மேல் வளர இடமில்லை. நல்ல பேக்கப் கார்டு, அவ்வளவுதான்.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே டிராஃப்டில் 11ஆவதாகப் போனவர் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். கென்டக்கியில் அவர் எண்கள் பிரன்சனின் எண்களைவிடச் சாதாரணம்: ஆட்டத்துக்கு 14 புள்ளி சொச்சம், பிரன்சனுக்கோ 19க்கு அருகில். ஆனால் 6 அடி 6 அங்குலம், நீண்ட கைகள், வயது 19. உடம்பையும் வயதையும் பார்த்து அவரை முன்னால் வைத்தார்கள். 2025இல் அவர் எம்.வி.பி. (பருவத்தின் மிகச்சிறந்த வீரர்), இறுதிச்சுற்று எம்.வி.பி., சாம்பியன் மூன்றும் ஆனார். ஆக, அளவுகோல் கெட்டுப்போனது இல்லை. சராசரியாகப் பார்த்தால் அது சரியாகவே வேலை செய்கிறது. சராசரியிலிருந்து விலகி நிற்கிற ஒருவரைத்தான் அதனால் பிடிக்க முடிவதில்லை.

பிரன்சன் விலகி நிற்பதற்கான தடயம் கல்லூரியிலேயே இருந்தது. பயிற்சியாளர் ஜே ரைட்டின் வில்லனோவாவில் கார்டுகளுக்கும் போஸ்ட்டில், அதாவது ரிங்குக்கு அருகில், முதுகு காட்டி ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஆட்டத்துக்கு அங்கே பழைய என்.பி.ஏ. நட்சத்திரம் சார்ல்ஸ் பார்க்லியின் பெயரையே வைத்திருந்தார்கள். பெரிய ஆள் செய்கிற வேலையைச் சின்ன ஆள் செய்வதற்கான கால் வித்தை முழுவதும் அங்கே படிந்தது. டிராஃப்ட் அளவீட்டில் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறார் என்று அளப்பார்கள். இரண்டு காலில் நின்று எதிராளியை எத்தனை முறை ஏமாற்றுகிறார் என்று அளக்க அங்கே பட்டை இல்லை.

இரண்டாம் தீர்ப்பு: 5.55 கோடி டாலர்

டல்லாஸில் அவர் இறங்கிய இரவிலேயே லூகா டான்சிச்சும் வந்து சேர்ந்தார். அட்லாண்டாவிடமிருந்து அந்த இரவே பரிமாற்றத்தில் வாங்கப்பட்டவர். அணியின் பந்து முழுவதும் இனி அவர் கையில் என்பது அன்றே எழுதியாகிவிட்டது. பிரன்சனுக்குக் கிடைத்தது மிச்சம். முதல் பருவம் ஆட்டத்துக்கு 9.3 புள்ளி, இரண்டாவது 8.2, அதுவும் தோள்பட்டைக் காயத்தோடு பாதியில் நின்றது. மூன்றாவது பருவம் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து 12.6.

அப்புறம் 2021 பிளேஆஃப், பருவம் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் தொடர்கள். கிளிப்பர்ஸ் அணி கவாய் லெனர்ட், பால் ஜார்ஜ் என்று நீளமான ஆட்களை வைத்து எல்லாவற்றையும் ஸ்விட்ச் செய்தது, அதாவது தடுப்பவர்கள் தங்களுக்குள் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வழக்கமாக 25 நிமிடம் ஆடிய பிரன்சனுக்கு அந்தத் தொடரில் சுமார் 16 நிமிடம்தான் கிடைத்தது. அப்போதைய பயிற்சியாளர் ரிக் கார்லைல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். "பருவ ஆட்டத்தில் சரி, பிளேஆஃபில் தாங்க மாட்டார்" என்ற முத்திரை அந்த ஏழு ஆட்டங்களில் விழுந்தது.

அடுத்த பருவத்துக்கு முன் டல்லாஸ் அவருக்கு நான்கு ஆண்டு, 5.55 கோடி டாலர் வரை ஒப்பந்த நீட்டிப்பு தந்திருக்கலாம். விதிப்படி அதுதான் அவர்களால் தரக்கூடிய உச்சத் தொகை. தரவில்லை. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதில் பிரன்சன் குடும்பமும் அன்றைய உரிமையாளர் மார்க் கியூபனும் இன்றுவரை வேறு வேறு கதை சொல்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. முடிவு எந்தத் தகவலின் மேல் எடுக்கப்பட்டது என்பதே இங்கே முக்கியம். டான்சிச் பக்கத்தில் நிற்கிற பிரன்சனின் மூன்று வருட எண்களும் ஒரு மோசமான தொடரும்தான் அவர்கள் கையில் இருந்தவை. டான்சிச் இல்லாத பிரன்சனை அவர்கள் நீண்ட நேரம் பார்த்ததே இல்லை.

2022 ஏப்ரலில் பார்த்தார்கள். யூட்டாவுக்கு எதிரான முதல் சுற்று தொடங்கும் முன் டான்சிச்சுக்குக் கெண்டைக்கால் காயம், முதல் மூன்று ஆட்டம் இல்லை. முதல் ஆட்டத்தில் பிரன்சன் 24, அணி தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் 41 புள்ளி, ஒரு டர்ன்ஓவர்கூட (பந்தை எதிரணியிடம் இழப்பது) இல்லை. எதிரே உள்ளே நின்றவர் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அதற்குள் மூன்று முறை வென்றிருந்த ரூடி கோபேர். மூன்றாவது ஆட்டம் யூட்டா மண்ணில், அங்கே 31. டான்சிச் திரும்பி வந்தபோது டல்லாஸ் 2க்கு 1 என்று முன்னிலையில் இருந்தது. அந்த ஆண்டு மேற்குப் பிரிவின் இறுதி வரை போனார்கள்.

41 புள்ளியைவிட அந்தப் பூஜ்யத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஒரு இரவு ஷாட் விழுந்துவிடலாம், யாருக்கும் விழும். ஆனால் ஆட்டம் முழுக்கப் பந்து ஒருவர் கையிலேயே இருக்கிறது, எதிரணி முழுக்க அவரையே குறி வைக்கிறது, அப்படியும் ஒரு முறைகூடப் பந்தை விடவில்லை என்றால் அது அதிர்ஷ்டக் கணக்கில் வராது. பொறுப்பு கூடியபோது தவறு குறைந்தது. வளர இடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் தேட வேண்டிய அடையாளம் அதுதான்.

மூன்றாம் தீர்ப்பு: "ஏமாந்துவிட்டார்கள்"

2022 ஜூலையில் நிக்ஸ் அவரை நான்கு ஆண்டு, 10.4 கோடி டாலருக்கு எடுத்தது. அப்போது கிளம்பிய கேலி கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் (ஆண்டுதோறும் நடக்கும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆகாத, ஒரு பருவம்கூட 17 புள்ளியைத் தொடாத ஆளுக்கு இவ்வளவா? கேலிக்குத் தீனியும் இருந்தது. நிக்ஸின் தலைவர் லியான் ரோஸ் ஒரு காலத்தில் வீரர்களின் ஏஜென்ட். ரிக் பிரன்சன் அவருடைய பழைய வாடிக்கையாளர். அந்தக் கோடையிலேயே ரிக்கை உதவிப் பயிற்சியாளராகவும் சேர்த்திருந்தார்கள். குடும்ப விவகாரம் என்று சிரித்தார்கள். உரிய காலத்துக்கு முன்பே பேச்சு நடத்தியதற்காக லீக் நிக்ஸின் ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பைப் பறிக்கவும் செய்தது.

வீட்டு ஆட்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் சுவாரசியம். ரோஸுக்கு அந்தப் பையனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தலைமைப் பயிற்சியாளர் டாம் திபடோவுக்கும் அப்படித்தான், ரிக் அவரிடம் வேலை பார்த்தவர். மற்ற அணிகளிடம் இருந்தது வீடியோவும் எண்களும். இவர்களிடம் அதோடு சேர்த்து இருபது வருடப் பழக்கமும் இருந்தது. சொந்தக்காரர்களுக்கு வேலை போட்டுக் கெட்டுப்போன அணிகள் லீக்கில் நிறைய உண்டு. இது அதற்கு நேர்மாறாகப் போன அபூர்வம்.

முதல் பருவம் ஆட்டத்துக்கு 24 புள்ளி, 6.2 அசிஸ்ட் (புள்ளிக்கு வழி செய்யும் பாஸ்). 37 வெற்றியில் கிடந்த அணி 47க்கு வந்தது. பிளேஆஃபில் கிளீவ்லாண்டை வென்று மயாமியிடம் தோற்றார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தில் நிக்ஸ் எடுத்த 92 புள்ளியில் 41 பிரன்சனுடையது. இரண்டாவது பருவம் 28.7 புள்ளி, ஆல்-ஸ்டார், ஆல்-என்.பி.ஏ. (பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியல்) இரண்டாம் அணி, எம்.வி.பி. வாக்கெடுப்பில் ஐந்தாவது இடம். 2024 பிளேஆஃபில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 47, நிக்ஸ் வரலாற்றில் பெர்னார்ட் கிங் 1984இல் வைத்திருந்த 46ஐத் தாண்டிய எண். அதிலிருந்து அடுத்தடுத்த நான்கு பிளேஆஃப் ஆட்டங்களில் 40 அல்லது அதற்கு மேல். 1993இல் மைக்கேல் ஜோர்டான் செய்ததற்குப் பிறகு வேறு யாரும் அதைச் செய்திருக்கவில்லை.

2024 கோடையில் அவர் செய்த காரியம் இன்னொரு வகையில் வியப்பு. ஓராண்டு காத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு 26.9 கோடி டாலர் வாங்கியிருக்கலாம். காத்திருக்காமல் நான்கு ஆண்டுக்கு 15.65 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். அணி மற்றவர்களைச் சேர்க்க அது வழி விட்டது. 10.4 கோடி அதிகம் என்று சிரித்தவர்கள் இரண்டே வருடத்தில் இவர் குறைவாக வாங்குகிறார் என்று எழுத வேண்டி வந்தது.

எப்படிப் போடுகிறார்

எண்களை அடுக்கியாகிவிட்டது. இனி ஒரே ஒரு ஆட்டத் துணுக்கை நெருங்கிப் பார்க்கலாம்.

பிரன்சன் இடக்கை ஆட்டக்காரர். மேலே ஒரு ஸ்கிரீன் (சக வீரர் குறுக்கே நின்று தடுப்பவரை மறிப்பது) வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறார். அவரைத் தடுக்க வேண்டியவர் ஸ்கிரீனில் மாட்டிப் பின்தங்கிவிட்டார். வேகமான கார்டு என்றால் இந்த இடத்தில் ரிங்கை நோக்கிப் பாய்வார். பிரன்சன் வேகத்தைக் குறைக்கிறார். பின்னால் ஓடி வருபவரைத் தன் முதுகிலேயே ஒட்ட வைத்துக்கொள்கிறார். குறுகலான தெருவில் பஸ்ஸுக்கு முன்னால் நட்ட நடுவில் போகிற சைக்கிள்காரர் மாதிரி: பின்னால் இருப்பவர் முந்தவும் முடியாது, இடித்தால் ஃபவுல். முன்னால் எதிரணியின் பெரிய ஆள் பின்வாங்கிக்கொண்டே நிற்கிறார். அவருக்கு இப்போது இரண்டு வேலை, பிரன்சனையும் பார்க்க வேண்டும், ரிங்கை நோக்கி உருளும் ஸ்கிரீன்காரரையும் பார்க்க வேண்டும்.

ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டியதும் பந்தைப் பிடித்து இரண்டு காலையும் ஒருசேர ஊன்றுகிறார். இப்படி ஊன்றினால் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட்டாக, அதாவது நகராத ஊன்றுகாலாக, வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. தோளால் எதிராளியின் நெஞ்சில் ஒரு சின்ன மோதல், அதில் அரை அடி இடம். பந்தை உயர்த்துவதுபோல் ஒரு பாவனை. எதிராளி குதித்தால் அவர் கைக்கு அடியில் ஒரு கால் வைத்து மறுபக்கம் போய் லே-அப், ரிங்குக்குப் பக்கத்திலிருந்து போடுவது. குதிக்காவிட்டால் அங்கேயே எழும்பி ஒரு குட்டை ஷாட். திரும்பி நின்றால் மூலையில் நிற்பவருக்குப் பாஸ். இதில் எந்த இடத்திலும் உயரமாகக் குதிக்க வேண்டிய தேவை வரவில்லை. எதிராளியை முதலில் குதிக்க வைத்துவிட்டால் 6 அடி 2 அங்குலம் போதும்.

உடம்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்கள் சறுக்கியது இங்கேதான். துள்ளலை நம்பி ஆடும் கார்டுக்கு 27, 28 வயதில் உச்சம் வந்து முழங்கால் வலியோடு இறங்கத் தொடங்கும். நிதானத்தை நம்பி ஆடுகிறவருக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு ஏமாற்று சேர்கிறது. 21 வயதில் "வளர்ந்து முடிந்துவிட்டார்" என்று சொல்லப்பட்டவர் 27 வயதில் வாழ்க்கையின் சிறந்த பருவத்தை ஆடினார்.

ஃபவுலுக்காக நடிக்கிறார், தலையைப் பின்னுக்கு உதறுகிறார் என்ற குறையும் உண்டு. உண்டுதான். பார்க்க எனக்கும் பிடிக்காது. ஆனால் அதை எடுத்துவிட்டாலும் மேலே சொன்ன கால் வித்தை அப்படியே நிற்கும்.

நான்காம் தீர்ப்பு: சின்ன ஆளை வைத்துப் பட்டம் வராது

2023 முடியும் தறுவாயில் வாதம் இடம் மாறியது. நட்சத்திரம்தான், சரி. ஆனால் ஒரு சாம்பியன் அணியின் முதன்மை வீரராக இருக்க முடியுமா? பெண்கள் லீக் அணியான லாஸ் வேகஸ் ஏசஸின் பயிற்சியாளர் பெக்கி ஹேமன் தொலைக்காட்சியில் முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார்: முதன்மை வீரர் சின்ன உருவமாக இருந்தால் பட்டம் கிடைக்காது என்பது அவர் வாதம். தானே 5 அடி 6 அங்குல உயரத்தில் கார்டாக ஆடி மேலே வந்தவர் சொன்னதால் அது ஆழமாகக் குத்தியது. நியூயார்க்காரர்கள் கொதித்தார்கள்.

வரலாறு ஹேமன் பக்கம்தான் அதிகம் சாய்கிறது. ஆலன் ஐவர்சன் 2001இல் இறுதிச்சுற்று வரை வந்து நின்றார். ஸ்டீவ் நாஷ் இரண்டு எம்.வி.பி. வாங்கியும் இறுதிச்சுற்றையே பார்க்கவில்லை. கிறிஸ் பாலுக்கும் டேமியன் லில்லர்டுக்கும் பட்டம் இல்லை. மறுபக்கம் ஐசாயா தாமஸின் டெட்ராய்ட், 1989லும் 1990லும். ஸ்டீஃபன் கறியின் கோல்டன் ஸ்டேட். கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த இரு அணிகளிலும் பொதுவாக ஒன்று உண்டு, சின்ன கார்டைச் சுற்றி லீக்கின் மிகச்சிறந்த தடுப்பாட்டம் நின்றது. தாமஸுக்கு ஜோ டூமார்ஸ், டென்னிஸ் ராட்மன், பில் லேம்பியர். கறிக்கு டிரேமண்ட் கிரீன், கிளே தாம்சன், ஆண்ட்ரே இக்வடாலா.

இப்போது 2025 மே மாதத்துக்கு வருவோம். நிக்ஸ் 51 வெற்றி எடுத்த பருவம். பிரன்சன் 26 புள்ளி, 7.3 அசிஸ்ட், இறுதி நிமிடங்களின் சிறந்த வீரருக்கான விருதும் அவருக்கு. டெட்ராய்ட் தொடரை ஆறாவது ஆட்டத்தில் அவரே முடித்தார்: கடைசி வினாடிகளில் ஆசார் தாம்சனை ஒரு கிராஸ்ஓவரில் (பந்தைச் சட்டென்று கை மாற்றித் தட்டுவது) தடுமாறவிட்டு த்ரீ பாயின்டர், தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி. நடப்புச் சாம்பியன் பாஸ்டனை ஆறு ஆட்டத்தில் வீழ்த்தி, 2000க்குப் பிறகு முதல் முறையாகக் கிழக்குப் பிரிவின் இறுதிக்கு வந்தார்கள். எதிரே இந்தியானா. அதன் பயிற்சியாளர் ரிக் கார்லைல்.

2021இல் பிரன்சனைப் பெஞ்சில் உட்கார வைத்தவர், நான்கு ஆண்டு கழித்து அவரை எப்படி வீழ்த்துவது என்று திட்டம் போட்டார். 2024இலும் இதே கார்லைலின் இந்தியானாதான் நிக்ஸை ஏழாவது ஆட்டத்தில் வெளியேற்றியது. அன்று பிரன்சனின் இடக்கை எலும்பு முறிந்தது. மற்ற பலரும் காயத்தில் இருந்தார்கள், அதனால் அந்தத் தோல்வியை வைத்து எதையும் முடிவுகட்ட முடியவில்லை. 2025இல் அந்தச் சாக்கு இல்லை.

முதல் ஆட்டத்தில் மேடிசன் ஸ்குயர் கார்டனில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது நிக்ஸ் 14 புள்ளி முன்னிலை. பிரன்சன் 43 புள்ளி எடுத்தார். அப்படியும் தோற்றார்கள், 135க்கு 138. ஏரன் நெஸ்மித் கடைசிக் கால்பகுதியில் மட்டும் ஆறு த்ரீ பாயின்டர் போட்டார். டைரீஸ் ஹாலிபர்டனின் கடைசி ஷாட் ரிங்கில் பட்டு மேலே எழும்பி உள்ளே விழுந்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குத் தள்ளியது. அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் தொடர் முழுக்க நடந்தது அதிர்ஷ்டம் இல்லை.

பிரன்சன் யாரைக் காக்கிறாரோ அவரையே இந்தியானா ஸ்கிரீன் போட அனுப்பியது. பிரன்சன் பந்து வைத்திருப்பவருக்கு எதிரே ஓர் அடி வெளியே வந்து தடுத்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்ப வேண்டும். அந்த இடைவெளியில் பாஸ் போய்விடும். அடுத்து யார் உதவிக்கு வருவது? உள்ளே நிற்பவர் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ். ஷாட் போடுவதில் அபாரம், பின்வாங்கித் தடுப்பதில் சுமார். ஒரே தடுப்புச் சங்கிலியில் இரண்டு பலவீனமான கண்ணிகள், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். திபடோ மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஜோஷ் ஹார்ட்டை வெளியே எடுத்து மிட்செல் ராபின்சனை உள்ளே வைத்தார். கொஞ்சம் அடைபட்டது, முழுசாக அடையவில்லை. நான்காவது ஆட்டத்தில் ஹாலிபர்டன் 32 புள்ளி, 15 அசிஸ்ட், 12 ரிபவுண்ட் (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), டர்ன்ஓவர் பூஜ்யம். 2022இல் பிரன்சனைப் பற்றி நான் பெரிதாகச் சொன்ன அதே பூஜ்யம், இப்போது எதிராளியின் கணக்கில்.

மறு முனையில் ஆண்ட்ரூ நெம்பார்டும் நெஸ்மித்தும் மாறி மாறிக் கோர்ட்டின் முழு நீளத்துக்கும் அவரை விடாமல் துரத்தினார்கள். பந்தை மேலே கொண்டு வருவதற்கே வியர்வை. புள்ளி நிற்கவில்லை, தொடரில் 30க்கு மேல் சராசரி எடுத்தார். ஆறாவது ஆட்டத்தில்தான் கால் கனத்தது தெரிந்தது: 19 புள்ளி, தோல்வி, தொடர் 4க்கு 2.

ஹேமன் சொன்னது நடந்துவிட்டதா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். ஆனால் உயரம் குறைந்ததால் அவரால் ரிங்கில் போட முடியாமல் போகவில்லை. 2025 வரை நிக்ஸுக்காக ஆடிய எந்தத் தொடரிலும் எந்தத் தடுப்பாட்டமும் அவரை அந்த வகையில் நிறுத்தியதில்லை. அவர் மோதி நின்ற சுவர் தடுப்பாட்டத்தில் இருந்தது, அதிலும் பாதி அவருடையது, பாதி அணி கட்டப்பட்ட விதத்துடையது. சார்ஜ் வாங்குவதில், அதாவது பாய்ந்து வருபவர் முன் அசையாமல் நின்று இடி வாங்கி ஃபவுல் பெறுவதில், அவர் லீக்கின் முன்னணிக்காரர். மனம் இல்லாமல் நிற்கிற ஆள் இல்லை. கை நீளம்தான் எட்டவில்லை. தாமஸும் கறியும் தடுப்பில் மறைந்து நிற்க இடம் இருந்தது. டவுன்ஸ் பக்கத்தில் நிற்கும்போது பிரன்சனுக்கு மறைந்துகொள்ள இடம் இல்லை.

எதிர்வாதம் ஒன்று, அதைத் தாண்டிப் போக முடியாது. பிரன்சனை விட்ட டல்லாஸ் ஒரு பருவம் தடுமாறி, கைரி இர்விங்கைச் சேர்த்து, 2024இல் இறுதிச்சுற்றுக்கே போனது. நிக்ஸோ பிரன்சனை வைத்துக்கொண்டு 2025 வரை அங்கே போகவில்லை. ஆக டல்லாஸ் செய்தது தவறே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு பொருளைச் சும்மா கைவிட்டுவிட்டு, அப்புறம் வேறொன்றை விலை கொடுத்து வாங்கிச் சமாளித்தேன் என்றால் முதலில் விட்டது லாபம் ஆகிவிடாது. இர்விங்குக்காக அவர்கள் வீரர்களையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுக்க வேண்டியிருந்தது. பிரன்சன் போனதற்குப் பதிலாக வந்தது எதுவுமில்லை.

பந்தை எவ்வளவு கொடுப்பது

முதல் மூன்று தீர்ப்புகளிலும் ஒரே கோளாறு. ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்று அவருக்கு அன்று கொடுக்கப்பட்டிருந்த வேலையை வைத்து அளந்தார்கள். டல்லாஸில் மிச்சப் பந்தை ஆடியவரை மிச்சப் பந்து ஆட்டக்காரர் என்றார்கள். பந்து கூடக் கூட அவர் ஆட்டமும் கூடியது. நிக்ஸில் அது உச்சத்துக்கே போனது: லீக்கிலேயே பந்தை அதிக நேரம் கையில் வைத்திருப்பவர்களில் அவர் முதல் வரிசை ஆனார். மற்ற நால்வரும் நின்று பார்த்தார்கள்.

நான்காவது தீர்ப்பைத் தாண்ட வேண்டுமானால் இதே வழி உதவாது என்பது 2025 கோடையில் என் கணிப்பு. ஆட்டம் முழுக்கப் பந்தைச் சுமந்து, தடுப்பிலும் குறி வைக்கப்பட்டு, மே மாதக் கடைசியில் ஒருவருக்குக் கால் இருக்காது. அவரிடமிருந்து பந்தைக் கொஞ்சம் எடுக்க வேண்டும். மேலே யாராவது பந்தைக் கொண்டுவர, பிரன்சன் மூலையிலிருந்து ஸ்கிரீன் சுற்றி வந்து பிடித்து உடனே போட வேண்டும். அவருக்கு அது முடியும். டான்சிச் பக்கத்தில் நான்கு ஆண்டு அதைத்தான் செய்தார், 2021-22இல் த்ரீ பாயின்டர் சதவீதமும் மோசமில்லை. அன்றைக்கு அவரைக் குறுக்கிப் பார்க்க வைத்த அந்த வேலையே இப்போது அணிக்குத் தேவைப்படுகிறது. அதைக் கேட்கத் துணிகிற பயிற்சியாளர் வேண்டும், கேட்டால் ஒத்துக்கொள்ளும் கேப்டனும் வேண்டும்.

2025 ஜூன் 3ஆம் தேதி நிக்ஸ் திபடோவை நீக்கியது. 25 ஆண்டில் அணியை அதிக தூரம் கொண்டு போனவரை, அங்கே போய்த் தோற்ற மூன்றாவது நாளே. அவர் இடத்துக்கு வந்தவர் மைக் பிரவுன். இறுதி நிமிடங்களின் சிறந்த வீரர் விருது தொடங்கி அப்போது மூன்று பருவம்தான் ஆகியிருந்தது: முதல் ஆண்டு டியாரன் ஃபாக்ஸ், அடுத்து ஸ்டீஃபன் கறி, மூன்றாவது பிரன்சன். ஃபாக்ஸ் அதை வென்றபோது சாக்ரமென்டோவில் அவர் பயிற்சியாளர் பிரவுன். அதற்கு முன் ஆறு பருவம் கோல்டன் ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்து, பந்தைக் கையில் வைத்துக்கொள்ளாமலே ஓடி ஓடி எதிரணியைக் குலைக்கும் கறியைப் பக்கத்திலிருந்து பார்த்தவரும் அவரே.